மாடி இருபத்தேழு

செய்தி வந்த நேரத்தில் புனிதவதி தள்ளுவண்டிக்காரரிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று அலட்சியமாகப் பார்த்தவள், பொறுக்கியதையெல்லாம் வண்டியிலேயே கொட்டிவிட்டு வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினாள். தள்ளுவண்டிக்காரர் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுத்தார். அது அவள் காதில் ஏறவில்லை.

"உங்கள் காத்திருப்பு முடிந்தது. வரும் பிப்ரவரி முதல் மாடி-27, ஜன்னலோர இருக்கை, உங்களுக்கு உறுதி செய்யப்படுகிறது. இனிய பயணம்!"

கன்ஃபார்ம்! செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மாடி ரயிலில் தினமும் அல்லாடுகிறவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் ருசி தெரியும். பெண்ணுக்கு வரன் குதிர்ந்தால்கூட நாலு பேர் கண் படும் என்று மூடி வைக்கிற ஜனம், மாடியில் இருக்கை கன்ஃபார்ம் ஆனால் மட்டும் மறுநாள் காலையே தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிடும். கொடுக்காதவனை வண்டி மன்னிக்காது.

மாடி ரயில் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு தண்டவாளம் போட இடமில்லை. ஆகவே ஒரு தனி நிறுவனம் வந்து வண்டியை மேலே வளர்த்தது. தலைக்கு மேல் மின்கம்பி இருப்பதால் ரொம்பவும் வளர்க்க முடியாமல், கீழ்த்தட்டைச் சக்கரங்களுக்கு நடுவே பள்ளமாக இறக்கினார்கள். மாடியில் எண் போட்ட இருக்கை, குளிர்ச்சி, அமைதி. கீழ்த்தட்டு ஜன்னலில் பிளாட்பாரத்து ஜனங்களின் செருப்புதான் தெரியும். இடம் கிடைத்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம். எந்தத் தட்டானாலும் வாசலில் பாஸைக் காட்டி, தரையில் பதித்த மிதிபலகையில் கால் வைத்தால்தான் உள்ளே விடும். மிதிபலகை ஆளை எடை போடும். உயரமான வண்டி வளைவில் சாயாமல் இருக்க, யார் எவ்வளவு கனம் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். தெரிந்துகொண்டு போகட்டும் என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இருக்கை கிடைக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

மாடி-27 ஏகாம்பரத்தின் பேரில் இருந்தது. அவர் துறைமுகத்தில் குமாஸ்தா. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, மகன் வீடு வாங்கிய பாவத்துக்கு மறைமலை நகருக்கு வந்து சேர்ந்தவர். முதல் ஆளாக விண்ணப்பித்து மாடியில் இடம் பிடித்துவிட்டு, ஒரே வாரத்தில் நொந்துபோனார். மாடியில் வாய்விட்டுச் சிரித்தாலே நாலு பேர் திரும்பி முறைக்கிறார்கள். அவருடைய ரம்மிக் கூட்டாளிகள் மொத்தமும் கீழ்த்தட்டில். புனிதவதிக்கோ கீழ்த்தட்டுப் பாஸ். பாரிமுனையில் ஒரு காகித மண்டியில் கணக்கு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியையும் பார்க்கிறவளுக்கு ஒரு ஜன்னலும் ஒரு தூக்கமும் போதுமாக இருந்தது. பிளாட்பாரத்தில் நின்ற நிலையிலேயே ஒப்பந்தம் முடிந்தது.

"என் பாஸ நீ வெச்சுக்கோ தங்கச்சி. உன்துல நான் கீழ ஏறிக்கறேன். ஆட்டம் பாதில நிக்குது."

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அதே ஏற்பாடு. காலையில் மாற்றிக்கொள்வார்கள், மாலையில் இறங்கியதும் அவரவர் பாஸ் அவரவர் கைக்கு வந்துவிடும். விதிப்படி தப்புதான், பிடிபட்டால் இரண்டு பாஸும் போய்விடும். அதனால் வெளியே மூச்சு விடுவதில்லை. என்றைக்காவது சொந்தமாக ஒரு மாடி இருக்கை வரும் என்று அவளும் காத்திருப்போர் வரிசையில் பேரைப் போட்டு வைத்திருந்தாள். அதுவரை ஏகாம்பரத்தின் இடம். கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் கண் சொக்கும், எழும்பூரில்தான் விழிப்பு வரும். நல்ல தூக்கம் உடம்பையே சரி செய்துவிடும் என்பது உண்மைதான் போல. 'அக்கா, என்ன டயட்?' என்று மண்டியில் வேலை செய்யும் பெண்கள் கேட்கிற அளவுக்கு ஆகியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆக, இருபத்தேழு என்ற எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். ஏகாம்பரம் அண்ணா ரிட்டையர் ஆகப் போகிறார், போகிற போக்கில் தனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார், மனுஷர் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே ரவா லட்டு பிடித்தாள். மறுநாள் காலை பிளாட்பாரத்தில் டப்பாவைத் திறந்து ஏகாம்பரத்திடம் நீட்டினாள்.

"அண்ணா, முதல் லட்டு உங்களுக்குத்தான். எடுத்துக்கோங்க."

"இன்னா விசேசம்? உன் பொண்ணுக்கு வேல கெடச்சிட்சா?"

"எனக்குக் கன்ஃபார்ம் ஆயிடுச்சு அண்ணா! பிப்ரவரியிலேர்ந்து. நம்ம இருபத்தேழே! எனக்காக விட்டுக்குடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!"

லட்டு ஏகாம்பரத்தின் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"நான் எங்கம்மா வுட்டேன்? எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் கீது."

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, இரண்டு தரம் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"அப்போ என் சீட்டுக்கே துண்டு போட்டுட்ட. உங்க பிளாட்டுல மூணாவது மாடி ரெஜினா பொண்ணு, அது மாடி ரயில் கன்ட்ரோல் ரூம்லதான வேல பாக்குது? உன்கூட நல்லா பேசும்ல?"

"அய்யோ அண்ணா, சத்தியமா நான்..."

"ரெண்டு வருசம் உன்னைய என் எடத்துல குந்த வெச்சேன். நல்லா செஞ்ச போ."

கோபத்தில் இருமல் வந்துவிட்டது. சில மாதமாகவே அவரைப் பிடித்து ஆட்டுகிற இருமல்தான். இருமி முடித்து, லட்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தார். பழக்க தோஷத்தில் பாஸை மட்டும் அவள் கையில் திணித்துவிட்டு, அவளுடையதைப் பிடுங்கிக்கொண்டு கீழ்த்தட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்த லட்டு அவள் மனசில் தைத்தது. கொடுத்த இனிப்பைத் திருப்பி வைக்கிற அவமானம் எதிரிக்கும் வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ரெஜினாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ரெஜினா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். புனிதவதியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை இறாலை இழுத்துக்கொண்டாள்.

"ரெஜி, ஒருத்தர் சீட்ட விடவே இல்ல. ஆனா அது எனக்குக் கன்ஃபார்ம்னு வந்திருக்கு. எங்கயோ தப்பு நடந்திருக்கு, கொஞ்சம் சரி பண்ணிக் குடேன். அவர் என்மேல கோவமா இருக்காரு."

"தேதி போட்டிருக்காக்கா?"

"பிப்ரவரி."

ரெஜினாவின் கை நின்றது.

"யாரு அவரு? உங்களுக்கு வேண்டியவரா?"

"நம்ம தெருக்கோடி ஏகாம்பரம் அண்ணா."

"ஏசுவே!" என்றாள் ரெஜினா. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கழுவிய கையையே திரும்பவும் கழுவினாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இத நான் சொல்லவே கூடாது. வண்டி சாயாம இருக்கணும்னா நாளைக்கு எந்தப் பெட்டில எவ்ளோ கனம் ஏறும்னு இன்னைக்கே தெரியணும். அதுக்குத்தான் மிதிபலகை. ஒருத்தர் தினமும் மிதிக்க மிதிக்க அது கத்துக்கிட்டே வருது. எடை, கால் எப்படி விழுது, அடுத்த கால எடுக்க எவ்ளோ நேரம் ஆகுது, எல்லாம். அத வெச்சு யாரு எப்ப வரமாட்டாங்கன்னும் கணிக்கும். ஒருத்தர் ஒரே ஒரு நாள் வரலைன்னாகூட, வண்டி கெளம்பறதுக்குள்ள வரிசைல அடுத்து இருக்கறவங்களுக்கு அந்த சீட்ட அதுவே குடுத்துடும். ஒரு சீட்டும் சும்மா போகக்கூடாது, அதான் அதுக்கு இட்ட கட்டளை."

"சரி. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சில பேருக்கு எடை கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். தானா எறங்கறது. நடை மாறும். அந்த மாதிரி மாறினவங்க எல்லாம் சில மாசத்துல வர்றத நிறுத்திடறாங்கன்னு அது கண்டுபிடிச்சிருக்கு. யாரும் சொல்லித் தரல, அதுவாவே. உடனே அவங்க சீட்டுக்கு முன்கூட்டியே அடுத்த ஆளைப் போட ஆரம்பிச்சிடுச்சு. மொதல்ல நாங்க, வீடு மாத்திட்டுப் போறாங்க போலன்னு நெனச்சோம். கணிப்பு இவ்ளோ சரியா இருக்கேன்னு ஒரே பெருமை. கேக் கூட வெட்டினோம்."

"அப்புறம்?"

"எப்படித்தான் தெரியுதுன்னு பாக்கலாமேன்னு, சீட் காலியானவங்க வீட்டுக்கு நானும் இன்னொருத்தரும் போனோம். மொத வீட்ல, வாசல்ல நுழைஞ்சதும் மாலை போட்ட போட்டோ. ரெண்டாவது வீட்லயும் மாலை. மூணாவது வீட்டுக்கு நான் மேல ஏறவே இல்லக்கா. கீழயே நின்னுட்டேன்."

புனிதவதியின் கையிலிருந்த இறால் நழுவித் தரையில் விழுந்தது. குக்கர் எங்கோ பக்கத்து வீட்டில் விசிலடித்தது. இனிய பயணம் என்று எழுதி, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டு அனுப்பியிருந்தார்களே!

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல அவங்ககிட்ட?"

"கேட்டோம்க்கா. மேலிடத்துல எழுதிக் கேட்டோம். வைத்தியம் பாக்கறது நம்ம வேலை இல்ல, இடம் ஒதுக்கறது மட்டும்தான் நம்ம வேலைன்னு பதில் வந்துச்சு. ஜனங்களப் பயமுறுத்தினா வழக்குப் போடுவாங்களாம். வாயத் திறந்தா வேலை போயிடும்." அவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பேரும் எங்க கண்ணுல படாது, எண்ணு மட்டும்தான் தெரியும். எண்ணா இருக்கறப்ப ஒண்ணும் தெரியலக்கா. நம்ம தெருக்காரர்னு சொன்னப்பதான்..."

"இது மாறாதா? போய்ச் சொன்னா, வைத்தியம் பாத்தா?"

"யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் யாருக்குமே சொன்னதில்லையே."

மறுநாள் புனிதவதி ஏகாம்பரத்தைப் பிளாட்பாரத்தின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணா, உடம்ப ஒரு தடவ முழுசா செக்கப் பண்ணிக்கோங்க" என்று ஆரம்பித்து, அவர் ஏன் ஏன் என்று கேட்கவும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் முதலில் சிரித்தார். "சீட்ட அடிச்சதுக்கு இப்படி ஒரு கதையா!" என்றார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது. ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. இருமல் வந்தது. இத்தனை நாளும் சும்மா இருமலாக இருந்தது, அன்றைக்கு அவர் இருமியபோது இரண்டு பேருமே அதை உற்றுக் கேட்டார்கள்.

"என் பொஞ்சாதிக்குச் சொல்லாத தங்கச்சி" என்றார் மெதுவாக.

அவர் லீவு போட்டுவிட்டு டெஸ்ட் எடுக்க அலைந்தார். மறக்காமல் பாஸை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "வேண்டாம்ணா" என்றால், "காலியா ஓடறதுக்கு நீயாவது குந்திக்கினு போ" என்றார். அந்த நாட்களில் மாடி-27 அவளுக்கு முள்ளாகக் குத்தியது. சாகப்போகிற ஒரு மனுஷனின் இடத்தில் உட்கார்ந்து, அவன் பாஸைக் காட்டி, அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்து! ஆனாலும் தாம்பரம் வருவதற்குள் கண் சொக்கத்தான் செய்தது. உடம்புக்கு வெட்கமே கிடையாது. எழும்பூரில் பதறி விழிக்கும்போதெல்லாம் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. செய்தி வந்த அந்த முதல் கணத்தில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். ஊரெல்லாம் கன்ஃபார்ம் ஆனவர்கள் கொடுத்த லட்டும் ஜிலேபியும் ஞாபகத்துக்கு வந்து, அத்தனையும் வாங்கித் தின்ற நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மேம்பாலத்தைக் கடந்து அவள் பிளாட்பாரத்தில் இறங்கும்போதே ஏகாம்பரம் கையில் பெரிய காகித உறையை ஆட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் ஜாங்கிரிப் பொட்டலம்.

"கல்லாட்டம் கீறேனாம்!" கத்தலில் பிளாட்பாரமே திரும்பியது. "நெஞ்சு, ஈரல், ரத்தம், எல்லாம் பாத்துட்டாங்கோ. ஒரு கொறையும் இல்ல. இருமல் பீடியாலதான், அத்த வுடுன்னாரு டாக்டரு. வுட்டுட்டேன், இன்னையோட வுட்டேன்!"

புனிதவதிக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் புரண்டு விழுந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் ஒரு ஜாங்கிரியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அன்னிக்கு லட்ட திருப்பிக் குடுத்தேன் பாரு, அதுக்கு இது. மனசுல வெச்சுக்காத. நீ வந்து சொன்ன பாரு, கூடப் பொறந்தவ கூட சொல்லமாட்டா. ஆனா உன் சினேகிதியாண்ட சொல்லு, அந்த மெசினுக்குக் கண்ணு அவிஞ்சு பூட்ச்சுன்னு. எடை எறங்குதாம்ல, எடை! டாக்டர் மெசின்ல ஏத்தி வெச்சாரு. எண்பத்தாறு. மாடி வண்டி வந்த வருசம் ஆபீஸ்ல எடுத்தப்பவும் அதே எண்பத்தாறு. ஒரு கிலோ எறங்கல. என் பொஞ்சாதி சமையல் அப்படி!"

வண்டி வந்தது. இரண்டு தட்டு ஜன்னலும் வெயிலில் பளபளத்தன. கதவுகள் திறந்து, முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக மிதிபலகையில் கால் வைத்து ஏறத் தொடங்கினார்கள். ஏகாம்பரம் தினமும் செய்கிற மாதிரியே தன் பாஸை நீட்டினார். அவளும் தன் பாஸை நீட்டினாள்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

ஏகாம்பரம் என்று பேர் போட்ட பாஸ் அவள் கண்ணெதிரே இருந்தது. எண்பத்தாறு கிலோ மனுஷர் இந்தப் பாஸை வைத்துக்கொண்டு எந்த மிதிபலகையை மிதித்தார்? அவர் மிதித்ததெல்லாம் கீழ்த்தட்டு வாசலில், அவள் பாஸில். இரண்டு வருஷமாக, ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மாலையும், மாடி-27 என்று சொல்லி அந்தப் பலகையில் வைத்த கால்...

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்பு வார் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. அப்படியும் லொடலொடத்தது. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டு தோளில் மறுபடியும் நழுவிக்கொண்டிருந்தது. 'அக்கா, என்ன டயட்?' என்று யாரோ காதுக்குள் கேட்டார்கள். அவள் எந்த டயட்டிலும் இல்லை. கூடுவாஞ்சேரியில் கண் சொக்குகிறதே, போன வருஷம் பல்லாவரத்தில் அல்லவா சொக்கியது?

"இன்னாம்மா? ஏறு, கதவு மூடிடும்."

"அண்ணா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "உங்க பாஸ்ல மிதிச்சது யாரு அண்ணா?"

அவர் புரியாமல் பார்த்தார். பாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். ஜாங்கிரிப் பொட்டலம் கையிலிருந்து நழுவிப் பிளாட்பாரத்தில் சிதறியது.

"காலி பண்றதும் நான்தான்" என்றாள் புனிதவதி. "கன்ஃபார்ம் ஆனதும் நான்தான்."

அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

"மாடி-27 இன்று காலியாக உள்ளது. வரிசையில் முதலில் இருப்பவர் நீங்கள். கதவு மூடுவதற்குள் ஏறிக்கொள்ளவும். இனிய பயணம்!"

ஏகாம்பரம் எட்டிப் படித்தார். திறந்திருந்த வாசலைத் திரும்பிப் பார்த்து, ராயபுரத்தில் மட்டும் வழங்குகிற ஒரு கெட்ட வார்த்தையால் அந்த ரயிலைத் திட்டினார். கீழ்த்தட்டிலிருந்து ரம்மிக் கூட்டாளி ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். கதவுகள் மூடின. மாடி ரயில் துளிகூடச் சாயாமல், சத்தமில்லாமல் நகர்ந்து போயிற்று.

ஏகாம்பரம் அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பிப்ரவரிக்கு இன்னும் நாள் கீது தங்கச்சி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில என் மச்சான் மவன் கீறான். இப்பவே போலாம், வா. எதிர்ப் பிளாட்பாரத்துல வண்டி வருது."

"ரெஜி கிட்ட கேட்டேன் அண்ணா, மாறுமான்னு. இதுவரைக்கும் யாருக்குமே சொன்னதில்லையாம்."

"உனக்குச் சொல்லிட்டாங்கல்ல? அப்போ நீதான் மொத ஆளு. நட."

அவள் அவருடைய பாஸை அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"இத நீங்களே வெச்சுக்கோங்க. எனக்குக் கன்ஃபார்ம் ஆன இடத்துல, பிப்ரவரில, நானே வந்து உக்காரணும்."

இரண்டு பேரும் மேம்பாலத்துப் படியில் ஏறினார்கள். காலேஜ் பிள்ளைகள் அவர்களை உரசிக்கொண்டு ஓடினார்கள். எண்பத்தாறு கிலோ ஏகாம்பரம் பையையும் சுமந்துகொண்டு இரண்டிரண்டு படியாக முன்னால் போய், திரும்பிப் பார்த்தார். புனிதவதி பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தாள். பல மாதமாகத் தினமும் அதே படியில்தான் தான் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.